வரைபடத்தில் ஒரு தோப்பு

பெங்களூரில் வைட்ஃபீல்டு பக்கம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால், ஏறக்குறைய மூன்று ஏக்கரில் ஒரு மரக்கூட்டம் இருக்கிறது. புளி, மா, நாவல், இரண்டு பெரிய ஆலமரங்கள். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அதைக் "காடு" என்றே சொல்வோம். கார் நிறுத்த இடமில்லாமல் திண்டாடும் நாங்கள், அதில் ஒரு பகுதியைச் சமன்படுத்தித் தரும்படி ஒரு மனு தயாரித்தோம். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெற்ற கதைதான் இது. கூடவே, பழைய வரைபடங்களைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

மனுவில் சர்வே எண் வேண்டும் என்றார்கள். ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன், பிளான் படிக்கத் தெரிந்தவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் சர்வே ஆஃப் இந்தியாவின் நில வரைபடங்களைப் பார்த்தேன். இவை நான்கு பக்கமும் கால் பாகை அளவுள்ள தாள்கள். பெங்களூரின் மையப்பகுதி 57எச்/9 என்ற தாளிலும், வடபகுதி 57ஜி/12 என்ற தாளிலும் வரும். பழைய தாள்களில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. மூன்று ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 360 அடி. ஒரு மைல் 5280 அடி. ஆகவே எங்கள் "காடு" அந்தத் தாளில் ஒரு கடுகளவுதான்! ஏரி, சாலை, ரயில் பாதை எங்கே என்று தெரிந்துகொள்ள இந்தத் தாள் உதவும். சிறு நிலத்தின் வரலாற்றுக்கு இது போதாது.

அதற்குக் கிராம வரைபடம் வேண்டும். மைலுக்கு எட்டு அங்குலம், அதாவது ஓர் அங்குலத்துக்குப் பத்துச் சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி. இதில் அதே மூன்று ஏக்கர் அரை அங்குலத்துக்கு மேல் வரும். ஒவ்வொரு சர்வே எண்ணும் தனித்தனியாகத் தெரியும்.

அந்தப் படத்தில் எங்கள் "காடு" இருந்த இடத்தில் கன்னடத்தில் எழுதியிருந்தது: "குண்டு தோப்பு".

ஒரு நிமிடம் வியந்து நின்றுவிட்டேன். நம் "தோப்பு" கன்னடத்திலும் "தோபு" என்று வழங்குகிறது. ஆங்கிலேயர் அதையே "டோப்" என்று எழுதித் தங்கள் அகராதியிலும் சேர்த்துக்கொண்டார்கள். சொல் தெரிந்தவனுக்கு உண்மை புரிந்துவிடும். காடு தானாக வளர்வது, தோப்பு மனிதர் கையால் வைத்தது. அது யாரும் கேட்பாரற்ற புறம்போக்குக் காடு அல்ல. ஊரார் பொதுவில் வைத்து வளர்த்த தோப்பு.

பழைய மைசூர் நாட்டில் பல ஊர்களில் இப்படிப் பொதுத்தோப்பு உண்டு. வழிப்போக்கருக்கும் மாட்டுக்கும் நிழல், ஊருக்குப் பழமும் புளியும் விறகும். பக்கத்துக் கிராமத்து அஜ்ஜி ஒருவரிடம் கேட்டேன். "இல்லாதவங்க வீட்டுச் சாவுக்கு விறகு இங்கிருந்துதான் போகும், சாமி. புளியை ஏலம் விட்டு ஊர்த் திருவிழா நடத்துவோம்" என்றார். நாங்கள் கார் நிறுத்தக் கேட்டது இந்த இடத்தைத்தான்.

அடுத்து ஆவணங்கள். "ஆகார்பந்த்" ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பைச் சொல்லும். "டிப்பணி" அளந்தவர் வரைந்த குறிப்புப் படம். "பஹணி" யார் கையில், என்ன பயன்பாட்டில் என்று சொல்லும். "பி கராப்" என்று கண்டால் அது சாலை, ஓடை, சுடுகாடு போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலம். ஏக்கருக்கு 40 குண்டா, ஒரு குண்டா 1089 சதுர அடி என்பதை நினைவில் வைத்தால் கணக்கு எளிது. பழைய ஏட்டில் எங்கள் தோப்பின் பரப்பு 5 ஏக்கர் 12 குண்டா. நான் நடந்து அளந்ததில் மூன்றுக்குச் சற்று அதிகம். மீதி சாலையாகவும், தண்ணீர்த் தொட்டியாகவும், வேலி போட்ட மனைகளாகவும் போய்விட்டது. எங்கள் மனு அடுத்த துண்டைக் கேட்டது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. வரைபடம் எல்லையைச் சொல்லும், மரத்தின் வயதைச் சொல்லாது. பழைய மரம் பட்டுப்போய் அதே இடத்தில் புதிது வைத்திருக்கலாம். அதற்கு மரத்தையும் ஊராரையும்தான் கேட்க வேண்டும். தேவனஹள்ளி அருகே நல்லூரில் 54 ஏக்கர் புளியந்தோப்பு இருக்கிறது. சோழர் காலத்தில் வைத்தது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. 2007இல் அது இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தோப்பு என்ற பெயரோடு சட்டத்தின் காவலும் அதற்குக் கிடைத்தது. நூற்றுக்கணக்கான சிறு தோப்புகளுக்கு அந்த யோகம் இல்லை.

குடியிருப்போர் கூட்டத்தில் வரைபடத்தை மேஜைமேல் விரித்து விளக்கினேன். என் கையெழுத்தை அடித்துவிடும்படி எழுதிக் கொடுத்தேன். மேலும் நால்வர் அவ்வாறே செய்தார்கள். சிலருக்கு என்மேல் வருத்தம்தான். "நேற்று வந்த நமக்கு இந்த ஊர்க் கவலை எதற்கு?" என்றார் ஒரு நண்பர். நேற்று வந்தவர்கள் என்பதால்தான், இருப்பதைக் கெடுக்காமல் இருப்பது நம் கடமை என்றேன். மனு இப்போதைக்குக் கிடப்பில் இருக்கிறது. என் வண்டி இன்னும் தெருவில்தான் நிற்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டருகே பழைய மரக்கூட்டம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். கர்நாடக நில அளவைத் துறையின் "திஷாங்க்" செயலியைக் கைப்பேசியில் திறந்தால், நிற்கும் இடத்தின் சர்வே எண் தெரியும். அந்த எண்ணைக் கொண்டு கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் "தோப்பு" என்று எழுதியிருந்தால், பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைப் படித்துக் காட்டுங்கள். அது நம் வீட்டுச் சொல்தான். ஆனால் அந்த நிழல் அந்த ஊருக்கு உரியது.