பூசணிக்காயைவிடப் பெரிய சோப்புக் குமிழி!

திருவண்ணாமலையில் கிரிவலம் என்றால் 14 கிலோ மீட்டர் நடை. வழியில் சோப்புக் குமிழி விற்பவரைக் கண்டால் குழந்தையின் கால்கள் நகராது. வாங்கிய சின்ன வளையமோ வீடு போய்ச் சேருமுன் உடைந்துவிடும். பிறகு அழுகைதான்!

அழுகையை நிறுத்த ஒரு வழி உண்டு.

கை நீளத்தில் இரண்டு மூங்கில் குச்சிகளை எடுங்கள். அவற்றின் நுனிகளை ஒரு முழப் பருத்தி நூலால் இணையுங்கள். அதே நுனிகளில் இரண்டு முழ நூல் ஒன்றையும் கட்டி, அதன் நடுவே ஓர் இரும்பு வாஷரைக் கோத்துத் தொங்கவிடுங்கள். நைலான் வேண்டாம். பருத்திதான் சோப்பு நீரை நன்றாக உறிஞ்சும். குமிழி பெரிதாக அந்த நீர் தேவை.

ஆறு டம்ளர் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு டம்ளரும் கிளிசரின் இரண்டு மேஜைக்கரண்டியும் விட்டு, நுரை எழாமல் கலக்குங்கள். குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து நூலை முக்குங்கள். வெளியே எடுத்து, மெதுவாக விரித்தபடி பின்னோக்கி நடங்கள். மறுபடி குச்சிகளைச் சேர்த்தால், குமிழி பறந்துவிடும்!

குமிழிக்குப் பகை வெயில். நீர் ஆவியானால் அதன் தோல் மெலிந்து உடையும். கிளிசரின் அதைச் சற்றுத் தாமதப்படுத்தும். மழை ஓய்ந்த மாலையே நல்ல நேரம்.

சோப்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி உடைந்தால் குழந்தை இனி அழாது. "இன்னொன்று விடுங்கப்பா!" என்றுதான் கேட்கும்.