பொறி பிந்தினால் சூடு மிகும்

காரின் எஞ்சின் அடிக்கடி கொதிக்கிறது. ரேடியேட்டரில் நீர் நிறைய இருக்கிறது; விசிறியும் சுழல்கிறது. பிறகு குறை எங்கே? தீப்பொறி எழும் நேரத்தையும் நீங்கள் ஐயுற வேண்டும்.

சிலிண்டரிலுள்ள பெட்ரோல் கலவை ஒரேயடியாக வெடிப்பதில்லை. பொறியிலிருந்து தொடங்கிப் பரவி எரிகிறது. அதற்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரம் ஆவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 3000 சுற்று வேகத்தில், அதற்குள் கிராங்க் தண்டு 36 பாகை திரும்பிவிடும்! ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி எழ வேண்டும்.

பொறி பிந்தினால், பிஸ்டன் கீழிறங்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். வேலையாக மாறாத வெப்பம் கழிவு வாயுவுடன் வெளியேறும். போகும் வழியில் வால்வையும், சுற்றியுள்ள குளிர்நீரையும் சூடேற்றும்.

1960-களின் இறுதியிலும் 1970-களிலும் அமெரிக்காவின் ஆற்றல்மிக்க கார்கள் பலவற்றில் இது நேர்ந்தது. புகையின் நச்சைக் குறைப்பதற்காக, வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது பொறியைப் பிந்தச் செய்தனர். சூடு மிகுந்தது. எனவே, குளிர்நீர் அளவுக்கு மீறிச் சூடானதும் பொறியை முந்தச் செய்யும் வெப்ப வால்வு ஒன்றையும் பொருத்தினர். பொறி முந்தியது; எஞ்சின் வேகம் கூடி, விசிறியும் நீர் பம்பும் விரைந்தன; சூடு தணிந்தது.

அப்படியானால் பொறியை மேலும் மேலும் முந்தச் செய்யலாமா? கூடாது. அழுத்தம் மிகுந்து, எரியாதிருக்கும் கலவை தானே வெடிக்கும். 'டக் டக்' என்ற ஓசை கேட்கும், பிஸ்டனே ஓட்டையாகலாம்.

இன்றைய கார்களில் கணினியே பொறி நேரத்தைக் கணிக்கிறது. பழைய கார் என்றால், ரேடியேட்டரை மாற்றுமுன் டைமிங்கைச் சோதித்துப் பாருங்கள்.