லிபி வந்த வழி

டெல்லி கோல் மார்க்கெட்டில் ஆட்டோ பிடித்து, கன்னாட் பிளேஸ் தாண்டிப் போனால் பெரோஸ் ஷா கோட்லா. இடிந்த கோட்டைக்குள் மூன்றடுக்குக் கட்டடத்தின் உச்சியில், சுமார் 13 மீட்டர் உயரத்தில் ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. அசோகரின் தூண். டோப்ரா என்ற ஊரில் நின்றிருந்த இதை 14-ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார். இலவம்பஞ்சுக் குவியலில் மெல்லச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் யமுனைக்கு இழுத்து, படகேற்றினார்கள். எழுத்தை மட்டும் அவருடைய பண்டிதர்கள் ஒருவராலும் படிக்க முடியவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் படித்தார்.

படித்ததும் தெரிந்த ஒரு விஷயம்: மன்னர் இப்படிச் சொல்கிறார் என்றுதான் இந்தத் தூணின் ஒவ்வொரு சாசனமும் தொடங்குகிறது. இதே தொடக்கம் ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன்பே ஈரானின் பெஹிஸ்தூன் மலையில் இருக்கிறது. அங்கே பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ், தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், பழம்பாரசீகம், ஈலாமியம், பாபிலோனியம் என மூன்று மொழிகளில் ஆப்பெழுத்தால் பேசுகிறார். காந்தாரமும் சிந்துவெளியும் அவர் ஆட்சிக்குள் இருந்தவை. அலெக்ஸாண்டர் அந்தப் பேரரசை வீழ்த்திய பிறகும் அதன் அலுவலக மொழியான அராமியம் நம் வடமேற்கில் பிழைத்திருந்தது. காந்தஹாரில் அசோகரே அராமியத்தில் சாசனம் பொறித்தார்.

இன்னும் நெருக்கமான தடயம் ஒரு சொல். கல்வெட்டுக்குப் பழம்பாரசீகத்தில் ‘திபி’. பெஷாவர் பக்கத்து ஷாபாஸ்கடிப் பாறையிலும் அசோகரின் சாசனம் ‘திபி’தான். டெல்லித் தூணில் அது ‘லிபி’. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் ஒரு குழந்தை இன்று ‘லிபி’ என்று சொன்னால், அறிஞர்கள் பலர் கருத்துப்படி, பாரசீகத்திலிருந்து வந்த சொல்லைத்தான் சொல்கிறது.

வடிவம் வாங்கியதுதான்; பேச்சு அசோகருடையது. தாரியஸ் 19 போர்களில் 9 அரசர்களைப் பிடித்ததைச் சொல்கிறார். கோட்லாத் தூணின் ஏழாம் சாசனத்திலோ சாலையோர ஆலமரங்கள், மாந்தோப்புகள், கிணறுகள், தங்குமிடங்கள் வரிசையாக வருகின்றன. இந்த ஏழாம் சாசனம் வேறெந்தத் தூணிலும் இல்லை. அதனால்தான் இந்தத் தூண் எனக்கு மற்றவற்றைவிடப் பெரியதாகப் படுகிறது. சூரிய சந்திரர் உள்ளவரை இது நிலைக்கட்டும் என்று அதில் ஒரு வேண்டுதலும் உண்டு. சோழர் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அது பழகிய வாசகம்: சந்திராதித்தவல்.