எழுத்துக்கூட்டும் வயது – 6: பிழையோடு எழுதட்டும்

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள், ராஸ்தா பேட்டில் தலைமுறைகளாக இருப்பவர்கள், ஹிஞ்சவடிக்கு ஐ.டி. வேலைக்காகக் குடிபெயர்ந்தவர்கள் என்று புனேயில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிப்பையைத் திறந்து பாருங்கள். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 2020-ல் மாநில அரசு கொண்டுவந்த சட்டத்தால் மராத்தி கட்டாயம். அப்புறம் இந்தி. விடுமுறை நாளில் தாத்தா பாட்டி சொல்லித்தரும் தமிழ் தனி. ஆக நான்கு மொழி, மூன்று வரிவடிவம்.

படிப்பதற்கே சிரமப்படும் பிள்ளைக்கு இது பெரிய பாரம். ஆனால் அந்தப் பிள்ளை மூன்று வரிவடிவத்திலும் செய்யும் பிழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கற்றல் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பது பளிச்சென்று தெரியும். இந்த வாரம் அந்தப் பிழைகளைப் படிப்போம்.

மூன்று படிகள்

பிள்ளைகள் எழுத்தறியும் பாதையை உளவியலாளர் ஊட்டா ஃப்ரித் 1985-ல் மூன்று படிகளாக வகுத்துக் காட்டினார். முதல் படியில் குழந்தை எழுத்தைப் படமாகப் பார்க்கிறது. பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினால் ‘பார்லே’ என்கிறது. அதே சொல்லை வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினால் விழிக்கிறது. இரண்டாவது படியில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு பிடிபடுகிறது. மூன்றாவதில், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டாமல் சொல்லை முழுசாக அள்ளிவிடுகிறது.

ஃப்ரித் சொன்னதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாசிப்பும் எழுத்தும் இந்தப் படிகளைச் சேர்ந்தே ஏறுவதில்லை. முதல் படியிலும் மூன்றாவது படியிலும் வாசிப்பு முன்னால் போகிறது. ஆனால் ஒலியை எழுத்தோடு இணைக்கும் நடுப்படியில் எழுத்துதான் முன்னால் போய் வாசிப்பைக் கைபிடித்து அழைக்கிறது. ஒரு சொல்லை எழுத முயலும்போது குழந்தை அதை வாய்க்குள் இழுத்து, ஒலி ஒலியாகப் பிரித்தே ஆகவேண்டும். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கடினமாக இருப்பதும், அவசியம் பழக வேண்டியதும் அந்த வேலைதான். “முதலில் ஒழுங்காகப் படிக்கட்டும், அப்புறம் எழுதலாம்” என்று ஒத்திப்போடுவது அதனால்தான் தவறு. பிழையோடு எழுதட்டும். எழுதும்போதுதான் ஒலி பிரியும்.

மூன்று நோட்டுகள்

ஆங்கில நோட்டில் ‘செட்’ (said) என்ற சொல்லைக் குழந்தை எஸ், ஈ, டி என்று எழுதியிருக்கிறது. நான்கு எழுத்துக்கு மூன்றுதான் இருக்கிறது, தவறு. ஆனால் காதில் விழுந்த ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து சரியாக இருக்கிறது. நடுப்படியில் உறுதியாக நிற்கும் பிள்ளை அது. அதே சொல்லை எஸ், டி என்று மட்டும் எழுதும் பிள்ளைக்கு நடுவிலிருக்கும் உயிரொலி இன்னும் காதில் விழவில்லை. இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சுழி போட்டால் ஆசிரியருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

மராத்தி நோட்டில் ‘திவஸ்’, அதாவது நாள். தேவநாகரியில் குறில் இகரத்துக்கான வளைவை, பஹிலி வேலாண்டியை, மெய்க்கு இடப்பக்கம் போட வேண்டும். ஒலியோ மெய்க்குப் பிறகுதான் வருகிறது. ஒலி வரும் வரிசையிலேயே எழுதும் பிள்ளை வளைவை வலப்பக்கம் போடுகிறது. சொல் ‘தீவஸ்’ ஆகிவிடுகிறது. ‘சூர்ய’ என்பதில் ரகர மெய்யின் குறி, ரஃபார், அடுத்த எழுத்தான யகரத்தின் தலையில் உட்கார வேண்டும். பிள்ளை அதை ‘சூ’வின் தலையில் வைக்கிறது. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. வரிவடிவத்தின் வழக்கம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

தமிழ் நோட்டிலும் இதே கதை. ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று எழுதும் பிள்ளை கொம்பைப் போட்டுவிட்டுத் துணைக்காலைத் தவறவிட்டிருக்கிறது. ‘அம்மா’வை ‘அமா’ என்று எழுதும் பிள்ளைக்கு இரட்டிக்கும் மெய் காதில் தங்கவில்லை. இது ஒலிப்பிழை, இதற்குக் கைதட்டி அசை பிரிக்கும் பயிற்சி வேண்டும். ‘பள்ளி’ ‘பல்லி’யானால் அது வேறு வகை. அதற்குப் புனேயில் ஒரு வசதி இருக்கிறது. மராத்தியில் ளகரம் உண்டு. பள்ளிக்கூடத்தை ‘ஷாளா’ என்று நாள்தோறும் சொல்லும் பிள்ளையின் நாக்குக்கு ளகரம் ஏற்கெனவே தெரியும். ‘பாணீ’ என்று தண்ணீர் கேட்கும் பிள்ளைக்கு ணகரமும் தெரியும். தெரிந்த ஒலியோடு தமிழ் எழுத்தை முடிச்சுப் போட்டால் போதும். ழகரத்துக்கும் றகரத்துக்கும் மட்டும் தனியே உழைக்க வேண்டும்.

ஒழுங்கான எழுத்தில் ஒளியும் சிரமம்

ஆங்கிலம் தாறுமாறு, நம் மொழிகள் எழுதியபடியே படிப்பவை, ஆகவே இங்கே டிஸ்லெக்சியா வராது என்றொரு நம்பிக்கை உண்டு. ஆங்கிலம் கடினம் என்பது உண்மை. பிலிப் செய்மூரின் குழு 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அடிப்படை வாசிப்புக்கு ஆங்கிலப் பிள்ளைகளுக்கு மற்ற பல மொழிப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடித்தது தெரிந்தது. ஆனால் இந்திய எழுத்துகளுக்கு வேறொரு சுமை உண்டு: எண்ணிக்கை. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த பெங்களூரு சோனாலி நாக், அவ்வளவு எழுத்துகளையும் கைவசப்படுத்தப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் ஆவதை 2007-ல் காட்டினார். 247 எழுத்துள்ள நமக்கு இதில் வியப்பில்லை.

ஒழுங்கான எழுத்துமுறையில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை காலப்போக்கில் தப்பில்லாமல் படித்துவிடலாம்; ஆனால் மெதுவாகப் படிக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எழுதச் சொன்னால்தான் குட்டு உடையும். வாசலில் கிடக்கும் சிக்குக் கோலத்தைப் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடலாம். புள்ளி வைத்து அதையே போடச் சொன்னால் ஒவ்வொரு வளைவும் நினைவில் இருக்க வேண்டும். வாசிப்பு தேறிய பிறகும் எழுத்துப்பிழை ஆண்டுக்கணக்கில் தொடர்வது இதனால்தான். அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம்.

1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், ஏழு வயதிலிருந்து கற்பித்தும் வாசிப்பு வரவில்லை. தன் பெயரிலேயே ‘ஈ’யையும் ‘ஆர்’ஐயும் இடம் மாற்றி எழுதினான். ஒருமுறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகே அவனுக்குப் பிழை தெரிந்தது. அவன் எழுதியதில் ஐந்து எழுத்தும் இருந்தன, வரிசைதான் பிசகியது. அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதையும் அந்தப் பிழையே சொல்கிறது.

சான்றிதழுக்கு முன்னால்

கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு முன்கூட்டியே கதவைத் திறந்த மாநிலம் மகாராஷ்டிரம். கூடுதல் நேரம், எழுத்துப்பிழையைப் பொறுத்தல், இரண்டாம் மொழிக்குப் பதில் வேறு பாடம் போன்ற தேர்வுச் சலுகைகளுக்கு 1996-லேயே அரசு வழிசெய்தது. பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்தும் மாநில வாரியத்தின் தலைமையகம் புனே சிவாஜிநகரில்தான் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் இதை உரிமையாக்கியது. மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-ல் ‘டாலி’ என்ற கணிப்புக் கருவியை வெளியிட்ட பிறகு, மராத்திப் பிள்ளையை மராத்தியிலேயே சோதிக்க முடிகிறது.

இவ்வளவும் நல்லவை, தேவையானவை. ஆனால் தேர்வுச் சலுகை பத்தாம் வகுப்பில் கைகொடுக்கும். எழுத்து ஊன்றுவதோ ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் நடுவில். 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் எட்டு வயதுக்கு முன் சான்றிதழே கிடையாது என்றது. அதுவரை கற்பித்தலும் காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பாதி ஆண்டுகளைக் காத்திருந்தே தொலைத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பால்கர் மாவட்டம் வாடாவில் மராத்திப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து ஷைலஜா மேனனின் குழு ஆராய்ந்தது. மூன்றாம் வகுப்பு முடிந்த பிறகும் பலருக்கு எளிய பத்தியைப் படிக்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் டிஸ்லெக்சியா இருக்க வாய்ப்பில்லை. கற்பித்த விதத்தில்தான் கோளாறு. புனேக்குப் பக்கத்துச் சதாரா மாவட்டத்தின் பல்டணில் 1984-ல் பிரகத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கிய மொழியியலாளர் மேக்சின் பெர்ன்ட்சன் காட்டிய வழி இதற்கு மாற்று. முழு எழுத்து அட்டவணையையும் உருப்போடாமல், சில எழுத்துகளையும் குறிகளையும் சேர்த்துக் கொடுத்து உடனே சொல் அமைக்கவிடும் முறை அது. சிரமமில்லாத பிள்ளைக்கு அது வேகம் தரும், சிரமமுள்ள பிள்ளைக்கு அது வழி தரும்.

வீட்டில் செய்யக்கூடியது சிறியதுதான். தினமும் மூன்று வாக்கியம், பிள்ளைக்குப் பிடித்ததைப் பற்றி, அதுவாகவே எழுதட்டும். எழுதியதை அதுவே வாசித்துக் காட்டட்டும். சிவப்புப் பேனா வேண்டாம். பிழைகளைத் தனித் தாளில் மூன்று வரிசையாகப் பிரித்து எழுதுங்கள்: ஒலி விட்டுப்போனவை, குறி இடம் மாறியவை, ஒத்த ஒலியில் எழுத்து மாறியவை. எந்த வரிசை நீளமோ அதை மட்டும் அந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குப் பின் அந்தத் தாள்களோடு ஆசிரியரையோ சிறப்புக் கல்வியாளரையோ போய்ப் பாருங்கள். “எழுதவே வராது” என்று சொல்லிக்கொண்டு போவதற்கும், இந்தத் தாள்களைக் கொண்டுபோவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது புகார், இரண்டாவதை வைத்துக்கொண்டு மறுநாளே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

அடுத்த வாரம்: கைதட்டி அசை பிரிக்கும் பயிற்சியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

(தொடரும்)