கால்வெசுடன் விரிகுடா இலையுதிர்கால மீன்பிடிப்பு

கால்வெசுடன் விரிகுடா ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில், மெக்சிக்கோ வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள கழிமுகம் ஆகும். இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 2 மீட்டர் மட்டுமே. எனவே காற்றின் திசை மாறினாலே நீர்மட்டம் மாறிவிடும். இலையுதிர்காலத்தில் குளிர் முகப்புகளுடன் வரும் வடகாற்று நீரைக் கடலை நோக்கித் தள்ளுகிறது. சதுப்பு நிலங்களில் ஒதுங்கியிருந்த இறால்களும் சிறுமீன்களும் வடியும் நீருடன் ஓடைகள் வழியே வெளியேறுகின்றன. ஓடை வாய்களில் பெரிய மீன்கள் காத்திருப்பதால் தூண்டில்காரர்களும் அங்கேயே கூடுகின்றனர்.

தெற்கத்தியத் தட்டைமீன் (தமிழ்நாட்டுக் கரையில் எருமைநாக்கு எனப்படும் மீனைப் போலத் தட்டையானது) இக்காலத்தில் முட்டையிடுவதற்காக விரிகுடாவை விட்டுக் கடலுக்குச் செல்கிறது. குறுகிய கடல்வாய்களில் திரளும்போது இவை எளிதில் அகப்படும். மிகுந்த மீன்பாடு எனத் தோன்றும் இது, உண்மையில் முட்டையிடாத சினைமீன்களின் இழப்பே ஆகும். மேலும், குஞ்சுப் பருவத்தில் நீர் மிகச் சூடாக இருந்தால் பெண்ணாக வளர வேண்டியவையும் ஆணாகிவிடுகின்றன. இதனால் பெண் மீன்கள் இருவகையிலும் குறைகின்றன. 2021 முதல் நவம்பர் 1 தொடங்கி டிசம்பர் 14 வரை டெக்சாசில் இம்மீனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை உள்ளது.

அலையடிக்கும் வெளிக்கரையில் பெரிய செந்நிற டிரம் மீன்கள் இதே பருவத்தில் கிடைக்கின்றன. டெக்சாசு நீர்ப்பரப்பில் பிடிக்கப்படும் இம்மீன்களை விற்பது 1981 இல் தடைசெய்யப்பட்டது.