எண்ணூர் ஆற்றில் ‘காக்கா ஆழி’ அட்டகாசம்! துப்புக் கொடுத்தது மீனவர்கள்

சென்னையை அடுத்த எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக்குள் வெளிநாட்டு ஆழி ஒன்று புகுந்து, இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் வயிற்றில் அடித்து விட்டது.

இதற்கு மீனவர்கள் வைத்த பெயர் “காக்கா ஆழி”. நிறம் கருப்பு, அதனால் அந்தப் பெயர். விஞ்ஞானிகள் வைத்த பெயர் “மைடெல்லா ஸ்டிரைகேட்டா”. பூர்வீகம் தென் அமெரிக்கா.

வந்தது எப்படி?

கப்பலில்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். சரக்கு இல்லாமல் கிளம்பும் கப்பல், ஆட்டம் காணாமல் இருக்க கடல் தண்ணீரை தொட்டிகளில் நிரப்பிக் கொள்ளும். போன இடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஆழிக்குஞ்சுகளும் சேர்ந்து இறங்கி விடும். கப்பலின் அடியில் ஒட்டிக் கொண்டும் வரும்.

1986-ல் இது அமெரிக்காவின் புளோரிடாவில் தலை காட்டியது. 2016-ல் சிங்கப்பூரில் பிடிபட்டது. 2019-ல் கேரளக் காயலில் இருப்பது வெளியானது. அடுத்தது எண்ணூர். இங்கே காமராஜர், காட்டுப்பள்ளி என இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றன.

இறால் எங்கே போகும்?

இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஆற்றில் இறங்கி, கையால் தடவியே அதைப் பிடித்து விடுவார்கள். காக்கா ஆழியோ நார் விட்டு ஒன்றோடு ஒன்று பின்னி, சேற்றின் மேல் ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடி விடுகிறது. இறால் புதைய இடமில்லை. கை வைத்தால் ஓடு கிழிக்கிறது. உள்ளூர் மஞ்சள் மட்டியும் பச்சை ஆழியும் கூட இடம் இல்லாமல் தவிக்கின்றன.

கால் அறிந்த கணக்கு

இந்த ஊடுருவலை முதலில் கண்டு கூச்சல் போட்டது மீனவர்களே. தினமும் ஆற்றில் நிற்பவர்களுக்கு எங்கே மணல், எங்கே சேறு, எந்த இடத்தில் போன வருஷம் இறால் கிடைத்தது என்பதெல்லாம் காலுக்கே தெரியும். நேற்று வரை மெத்தென்று இருந்த இடம் இன்று குத்தினால், புது ஆள் வந்து விட்டான் என்று அர்த்தம்!

படகில் ஒரு விஞ்ஞானியும் உட்கார்ந்து, மீனவர் காட்டும் இடங்களை செல்போனில் குறித்துக் கொண்டால் வரைபடம் தயார். ஆழி இருக்கும் இடம் மட்டும் போதாது. இல்லாத இடத்தையும் குறிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வருஷம் எவ்வளவு பரவியது என்று பிடிபடும். வலை போடாத இடங்களை தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். பச்சை ஆழியின் குஞ்சு என்று ஏமாந்து விடாமல் இருக்க மாதிரி எடுத்து பரிசோதிப்பதும் அவசியம்.

பழவேற்காடுக்கும் ஆபத்து

விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆழியை அகற்ற வேண்டும் என்பது மீனவர்களின் கோரிக்கை. ஆனால் அள்ளியதை மறுபடி தண்ணீரில் போட்டால் அங்கேயும் வேர் பிடித்து விடும். கரையேற்றி அழிப்பதுதான் வழி.

எண்ணூர் உப்பங்கழி பழவேற்காடு ஏரியோடு தொடர்பு உள்ளது. காக்கா ஆழி அங்கேயும் எட்டிப் பார்த்து விட்டது. அங்கே வலை வீசுபவர்களையும் இப்போதே கூப்பிட்டுக் கேட்டால், ஏரி மூடிக் கொள்ளும் முன் தடுக்கலாம்.