திண்மநிலை வேதிவினைகள்: பெரியாறு அணையின் சுண்ணாம்பும் சுர்க்கியும்

திண்மநிலை வேதிவினை என்பது, ஒரு திண்மப் பொருள் உருகாமலும் கரையாமலும் வேறொரு பொருளாக மாறுவதைக் குறிக்கும். கரைசலில் மூலக்கூறுகள் எங்கும் அலைந்து ஒன்றையொன்று எளிதில் சந்திக்கின்றன. திண்மத்தில் அணுக்கள் படிக அமைப்புக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. எனவே வினை மேற்பரப்பிலோ இரு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் எல்லையிலோ தொடங்கி, அங்கிருந்து மெல்ல உள்ளே நகர்கிறது. வெப்பநிலை, துகளின் அளவு, உள்ளிருக்கும் நுண்துளைகள் ஆகியவையே அதன் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. செங்கல், ஓடு, பீங்கான், சிமெண்ட் எல்லாம் இவ்வகை வினைகளின் விளைபொருள்களே.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இந்த வேதியியலோடு நேரடியாகத் தொடர்புடையது. அங்கு 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்கு நீர் தரும் முல்லைப்பெரியாறு அணை, சிமெண்டால் கட்டப்பட்டதன்று. ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட அதன் உட்பகுதி சுண்ணாம்பு–சுர்க்கி காங்கிரீட்டால் ஆனது. முன்னும் பின்னும் கருங்கல் கட்டு. அன்று இந்தியாவில் சிமெண்ட் தொழில் வளர்ந்திருக்கவில்லை.

காளவாசலில் நடப்பது

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாசலில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் அது கார்பன் டை ஆக்சைடை இழந்து சுட்ட சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஆக்சைடாக மாறுகிறது. 100 கிலோ தூய கல்லில் 56 கிலோ மட்டுமே மிஞ்சும். ஆயினும் கல்லின் வடிவம் பெரிதாக மாறுவதில்லை. கையில் எடுத்தால்தான் எடை குறைந்தது தெரியும். போன வாயுவின் இடத்தில் நுண்துளைகள் இருக்கின்றன.

இவ்வினை கல்லின் வெளிப்புறத்தில் தொடங்கி ஓர் எல்லைக்கோடாக உள்ளே நகர்கிறது. வெப்பம் உள்ளே செல்ல வேண்டும். வாயு ஏற்கெனவே மாறிவிட்ட அடுக்கின் துளைகள் வழியே வெளியேற வேண்டும். கற்கள் சம அளவில் இல்லாவிட்டால், பெரிய கல்லின் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும். சிறிய கல்லோ மிகையாக வெந்து, துளைகள் மூடி இறுகிவிடும். மிகையாக வெந்த சுண்ணாம்பு நீரோடு உடனே சேராது. சுவரில் பூசிய பின் பல வாரங்கள் கழித்து நீறத் தொடங்கி, பருத்துப் பூச்சைப் பெயர்க்கும். பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்ததற்கும், காளைகள் இழுக்கும் கற்சக்கரத்தில் அரைத்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்து, கால்சியம் ஹைட்ராக்சைடான நீற்றுச் சுண்ணாம்பு கிடைக்கும். சின்னமனூர் வெற்றிலையில் தடவப்படுவதும் இதுவேதான்.

சுர்க்கி

சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள். பாரசீக மொழியில் சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். களிமண்ணில் உள்ள கயோலினைட் கனிமத்தை ஏறத்தாழ 600 முதல் 800 பாகை வரை சூடாக்கினால், படிகத்துக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறி அதன் ஒழுங்கு குலைகிறது. இப்படிக் கிடைக்கும் மெட்டாகயோலின் வினைபுரியத் துடிக்கும் பொருள். வெப்பம் 950 பாகையைத் தாண்டினால் அணுக்கள் மீண்டும் ஒழுங்குபட்டுப் புதிய படிகங்கள் உருவாகி, அந்தத் துடிப்பு அடங்கிவிடும். வீடு கட்ட உதவும் நன்றாக வெந்த செங்கல், சுர்க்கிக்கு அவ்வளவு ஏற்றதன்று என்பது முதலில் வியப்பாகத் தோன்றலாம். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனம், சென்னை ஐஐடி உள்ளிட்டவற்றின் கூட்டாய்வில் உருவான சுண்ணக்கல்–சுட்ட களிமண் சிமெண்டும் இதே மாற்றத்தையே நம்பியிருக்கிறது.

நீற்றுச் சுண்ணாம்பு இறுகுவதற்கு இரு வழிகள் உள்ளன. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆவது ஒன்று. இது துளைகளிலுள்ள சிறிது ஈரத்தின் துணையோடு நடக்கிறது. மாறிய ஆழம் காலத்தின் இருமடி மூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது: ஆழம் இரு மடங்காக நான்கு மடங்கு காலம் வேண்டும், பத்து மடங்காக நூறு மடங்கு. அடியில் 138 அடி அகலமுள்ள அணையின் நடுப்பகுதியை இந்த வழியில் இறுக்க முடியாது. இரண்டாவது வழி சுர்க்கியுடையது. அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் நீரின் முன்னிலையில் சுண்ணாம்போடு சேர்ந்து, கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் போன்ற பிணைப்புப் பொருள்களைத் தருகின்றன. இதற்குக் காற்று தேவையில்லை. கண்டிப்பாகப் பார்த்தால் இது முழுத் திண்மநிலை வினையன்று. ஆனால் இது நடப்பதற்கு முன்பு காளவாசலில் நடந்த இரண்டு திண்மநிலை மாற்றங்கள் தேவை.

கசிவும் வழக்கும்

சுர்க்கியோடு சேராமல் எஞ்சிய சுண்ணாம்பே இக்கலவையின் பலவீனம். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1.7 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைக்கும். தாதுக்கள் குறைந்த மலைநீர் அணைக்குள் கசிந்து செல்லும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளிவருகிறது. வெளியே காற்று பட்டதும் வெண்படிவாகப் படிகிறது. அப்படிவு சில இடங்களில் கசியும் துளையையே அடைத்துவிடுவதும் உண்டு. ஆகவே வெண்படிவைப் பார்த்த மாத்திரத்தில் அணை கரைகிறது என்றோ, தானே சரியாகிவிடும் என்றோ முடிவுகட்ட இயலாது. கசியும் நீரின் அளவையும் அதிலுள்ள கால்சியத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்தால்தான் நிலை தெரியும்.

1930களிலும் 1960இலும் அணையில் துளையிட்டுச் சிமெண்ட் பால் செலுத்தப்பட்டது. 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, மேலே காங்கிரீட் மூடி, எஃகு வடங்களால் நங்கூரமிடல், பின்புறம் காங்கிரீட் தாங்கு சுவர் ஆகிய வலுவூட்டல்கள் செய்யப்பட்டன. அணை அமைந்துள்ள கேரளம் பழைய கலவையின் சுண்ணாம்பு இழப்பையும் அணையின் வயதையும் சுட்டிக்காட்டிப் புதிய அணை கோருகிறது. அணையை இயக்கும் தமிழ்நாடு, வலுவூட்டலுக்குப் பின் அது பாதுகாப்பானது என்கிறது. இரு தரப்பின் கவலையும் உண்மையானது. ஒரு பக்கம் அணைக்குக் கீழே வாழும் மக்கள், மறுபக்கம் இந்நீரின்றி நடவு செய்ய முடியாத பள்ளத்தாக்கு.

நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அளித்த அறிக்கை அணை பாதுகாப்பாக இருப்பதாகக் கூறியது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த அனுமதித்து, கண்காணிக்க மூவர் குழுவையும் அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியை எட்டியது.